அலையாத்தியின் நரிகள்
அத்தியாயம் 5: குப்பை ரயில்

பம்பாயில் நரி வேட்டைக்கென்றே 'ஜாக்கல் கிளப்' வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைமார்களைச் சென்ற வாரம் பார்த்தோம். குதிரை, ஊதுகொம்பு, சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய வேட்டை நாய்கள் என்று அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நரி தப்பிப் பிழைத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய எதிரி தெருவில் சும்மா படுத்திருந்தது என்று சொல்லி நிறுத்தியிருந்தோம்.

அந்த எதிரி, தெருநாய். அது நரியின் காட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? நடுவில் ஒரு கலவரம், ஒரு கொள்ளைநோய், ஒரு ரயில் இருக்கின்றன.

எட்டணா நாய்

1832 ஜூன் 6. பம்பாய்க் கோட்டைக்குள் கடைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. கையில் தடியோடு திரிந்த போலீஸ்காரர்களைப் பார்சிகள் வளைத்துக்கொண்டு அடிக்கிறார்கள். காரணம், நாய்.

வெயில் மாதங்களில் சொந்தக்காரர் இல்லாத நாய்களைக் கொல்லலாம் என்று 1813-லேயே விதி வந்திருந்தது. ஒரு நாய்க்கு எட்டணா கூலி. 1832-ல் அந்தக் கொலைக் காலத்தை ஜூன் நடுப்பகுதி வரை நீட்டினார்கள். எட்டணா ஆசை கண்ணை மறைக்க, வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களுக்கும் அடி விழுந்தது. பார்சிகளுக்கு நாய் வெறும் காவல்காரன் அல்ல. இறந்தவரின் உடலை நாய் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஈமச்சடங்கில் ஒரு பகுதி. அந்தப் பிராணியைத் தெருவில் அடித்துக் கொன்றால் பொறுப்பார்களா?

மறுநாள் ஊரே முடங்கியது. படை வந்தது, கலகச் சட்டம் வாசிக்கப்பட்டது, பலர் கைதானார்கள். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற பெரிய வணிகர்கள் நடுவில் நின்று மனுக்கொடுத்துப் பேசினார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்தது: நாய்களைக் கொல்ல வேண்டாம், ஊரைத் தாண்டி அனுப்பிவிடலாம்.

ஊரைத் தாண்டி என்றால் எங்கே? அன்று யாரும் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. நகரத்துக்கு வேண்டாதது எதுவானாலும் ஊருக்கு வெளியே தள்ளிவிட வேண்டும் என்ற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த 'வெளி' நரியின் வீடாகவும் இருந்தது.

செம்பூருக்கு வந்த முதல் பயணி

1896-ல் பிளேக். எலி செத்து விழுந்தது, மனிதர்களும் விழுந்தார்கள். பிழைத்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். நோய்க்குக் காரணம் நெரிசலும் அழுக்கும்தான் என்று முடிவு கட்டிய ஆட்சியாளர்கள் 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டை அமைத்தார்கள். அகலத் தெருவும் மரநிழலுமாக இன்று நாம் பார்க்கும் மாட்டுங்கா அந்த டிரஸ்ட் போட்ட திட்டத்தில் எழுந்தது. பிறகு அங்கே தமிழ்க் குடும்பங்கள் குடியேறின, பள்ளியும் பஜனை சமாஜமும் வந்தன.

மாட்டுங்கா சுத்தமாக இருக்க வேண்டுமானால் அழுக்கு வேறெங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? தோல் பதனிடும் வேலை ஊரின் ஓரத்துக்கு, மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிக்குத் தள்ளப்பட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள் பலர் அந்தத் தொட்டிகளில் சுண்ணாம்பும் பட்டையும் கலந்த நீரில் முழங்கால் நனைய நின்று உழைத்தார்கள். குப்பையோ இன்னும் தூரம் போனது. 1906-ல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மனிதர்கள் ஏறும் வண்டி அதில் ஓடத் தொடங்கியது 1924-ல்தான். அதுவரை அந்தத் தடத்தில் பயணம் செய்தது நகரத்தின் கச்சடா.

செம்பூர்வாசிகள் இன்று ஏறி இறங்கும் ஹார்பர் லைனின் ஒரு துண்டு இப்படிப் பிறந்தது. அந்தக் குப்பை கொட்டிய சதுப்பின் தொடர்ச்சிதான் தேவ்னார். 130 ஹெக்டேருக்கும் மேல் பரந்து, மாடிக் கட்டடங்களுக்கு இணையாக உயர்ந்து நிற்கும் குப்பை மலை. 1971-ல் தேவ்னாரிலேயே பெரிய இறைச்சிக் கூடமும் வந்தது.

எச்சிலும் எலும்பும் குவியும் இடத்துக்கு யார் வருவார்கள் என்று சொல்ல வேண்டுமா? நாய் வந்தது, குட்டி போட்டது, கூட்டமானது. குப்பை மேட்டை விட்டு நாலு எட்டு வைத்தால் அலையாத்திக் காடு.

வரப்புக்கான சண்டை

தானே கழிமுகத்தின் ஓரம், மான்குர்து பக்கம் கடல் வற்றும் நேரம். அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றில் ஆணி அடித்ததுபோல் குத்திட்டு நிற்கின்றன. அவற்றினூடே ஒரு நரி மூக்கைத் தரையோடு தாழ்த்தி வருகிறது. பழுப்பும் பொன்னும் கலந்த உடல், கருத்த வால் நுனி. நண்டு வளை ஒன்றின் வாயில் நின்று காலால் இரண்டு தட்டு, ஒரு கவ்வு. நண்டு, மீன், எலி, பழம், கிடைத்தால் கோழிக் கழிவு. எதற்கும் வாய் திறக்கும் பிராணி என்பதால்தான் இத்தனை கோடி மனிதர்களுக்கு நடுவிலும் அது பிழைத்திருக்கிறது.

அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. நரி ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து குட்டி வளர்க்கும். வளை தோண்ட நனையாத மண் வேண்டும். நாளுக்கு இருமுறை கடல் ஏறும் காட்டில் நனையாத மண் என்றால் வரப்பும் கரைமேடும்தான். மனிதர் நடக்கும் பாதையும் அதே வரப்பு, நாய்க்கூட்டம் படுக்கும் இடமும் அதே வரப்பு.

நரி பத்து கிலோவைத் தாண்டுவது அபூர்வம். நாய் அதைவிடக் கனம், வருவதோ கூட்டமாக. வளையில் குட்டி இருந்தால் முதல் பலி குட்டி. கடிபட்டுத் தப்பிய நரிக்கும் சொறி, டிஸ்டெம்பர், ரேபிஸ் என்று நாயின் நோய்கள் காத்திருக்கின்றன. தொற்றிப் பரவ நரி, நாய்க்கு நெருங்கிய சொந்தமாயிற்றே.

இது மும்பைக்கு மட்டுமான கதை அல்ல. அமெரிக்காவில் பண்ணையாளர்கள் ஓநாய்களைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்தார்கள். காலியான இடத்துக்குக் கயோட்டி என்னும் நடுத்தர வேட்டைக்காரன் பரவினான். கயோட்டி நுழைந்த கிராமப்புறங்களில் செந்நரிகள் ஒதுங்கி, வீடுகளின் அருகே அடைக்கலம் தேடின. 1995-ல் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய்களை மறுபடி கொண்டுவந்து விட்டபோது, அங்கே கயோட்டிகள் குறைந்தன. பெரியவன் இல்லாவிட்டால் நடுவன் பெருகுவான், சிறியவன் நசுங்குவான்.

மும்பையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. போரிவிலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் ஓரத்தில் சிறுத்தைகள் தெருநாயைப் பிடித்துத் தின்கின்றன. அதனால் பூங்காவைச் சுற்றி நாய்க்கடியும் குறைகிறது என்று 2018-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. செம்பூர்ச் சதுப்பில் நாயைக் கட்டுக்குள் வைக்க அப்படி ஒரு காவல் கிடையாது.

நாய்மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாய் தானாகப் படையெடுக்கவில்லை. நாம் சோறு போட்ட இடத்துக்கு வந்தது. மூடாத குப்பைத் தொட்டி, கரையில் கொட்டும் கோழிக் கழிவு, கருத்தடையும் தடுப்பூசியும் எட்டாத தெரு: இவை மூன்றும் சேர்ந்துதான் நரியின் வளையை இடிக்கின்றன. மரத்தை வெட்டாமலேயே ஒரு காட்டைக் காலி செய்ய முடியும் என்பதற்குச் செம்பூர் சாட்சி.

காப்பாற்றிய காட்டில்

மரத்துக்கு நீதி கிடைத்தது. 2005-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்தியை வெட்டத் தடை விதித்தது. 2012-ல் வனத்துறையில் அதற்கெனத் தனிப் பிரிவு பிறந்தது. 2015-ல் தானே கழிமுகத்தில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மாங்குரோவ் பவுண்டேஷனும் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.சி.எஸ். இந்தியாவும் கைகோத்து, மும்பை நரிகளைப் பற்றி முறையான ஆய்வைத் தொடங்கின. நரிக்கு நல்ல காலம் வந்துவிட்டதாகவே தோன்றியது.

அப்போது வந்தது 2024. மழைக்காலம் முடியும் தறுவாயில், செம்பூர், டிராம்பே பக்கத்துக் குடியிருப்புகளில், மனிதரைக் கண்டால் ஒதுங்கும் நரிகள் பட்டப்பகலில் தள்ளாடி நடந்தன. சில இறந்து கிடந்தன. உடல்கள் பரிசோதனைக்குப் போயின. முடிவு வந்தது: ரேபிஸ்.

குப்பை ரயில் அன்று கொண்டுவந்து இறக்கியதன் கணக்கு, நூறு வருடம் கழித்துத் தீர்க்கப்படுகிறதா? இந்தச் சின்ன நரிக் கூட்டத்துக்குள் வைரஸ் நுழைந்துவிட்டால், அதைத் தடுக்க யாரிடம் என்ன வழி இருக்கிறது? காட்டு நரிக்கு எப்படித் தடுப்பூசி போடுவது? வலை வீசாமல், ஊசி குத்தாமல், ஒரு கண்டத்தின் பாதியில் செந்நரிகளிடமிருந்து ரேபிஸைத் துடைத்தெறிந்த கதை ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. அதில் நாயகன், கோழித்தலை ஒன்று.

அந்தக் கோழித்தலை செம்பூருக்கு வருமா? அடுத்த வாரம்.

(தொடரும்)