கிணற்றைத் தேடி 412 பைல்கள்

ஒரு கிணறு யாருக்கு உரியது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. வடமராட்சியில் ஒரு சனசமூக நிலைய வளவுக்குள் இருக்கிற கிணறு. "எங்கட அப்பாதான் இந்தக் காணித்துண்டைக் குடுத்தவர். கிணத்தில எங்களுக்குப் பங்கிருக்கு எண்டு சொல்லித்தான் குடுத்தவர்" என்கிறா பக்கத்து வீட்டு அம்மா. இப்போதைய நிர்வாகத்தில் இருக்கிற பெடியங்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. கையெழுத்துக் கூட்டறிக்கைக் கொப்பிகள் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. மிஞ்சியது, 2002இல் ஏ-9 பாதை திறந்தபிறகு வந்துசேர்ந்த ஒரு கொம்பியூட்டரும் அதில் அப்போதைய செயலாளர் ரைப் பண்ணி வைத்த கூட்டறிக்கைகள், கடிதங்கள், கணக்குகளும்தான். எண்ணிப் பார்த்தோம், 412 பைல்கள்.

ஊர் வரலாறு சேகரிக்கப் போன எங்களிடம் இந்த வேலையும் வந்து சேர்ந்தது. பெரிய விசயமில்லை என்றுதான் நினைத்தோம். அந்தப் பழைய அலுவலக மென்பொருளுக்குள்ளேயே பைல்களின் உள்ளடக்கத்தைத் தேடுகிற வசதி இருந்தது. "கிணறு" என்று அடித்துத் தேடவிட்டோம். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு திரை வெளிறி, அசையாமல் நின்று, மென்பொருள் முழுதாக மூடிக்கொண்டது. மூன்று தடவை அதே கதை. வைரஸ் என்றார் ஒருவர். மெமரியைக் கழற்றித் துடைத்துப் போடச் சொன்னார் இன்னொருவர். மென்பொருளை அழித்துத் திரும்பப் போடுவோம் என்று வெளிக்கிட்டவரைத்தான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

தேடுவது என்பது வாசிப்பதுதானே, வாசித்தால் ஏன் விழ வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஐம்பது வருசத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மஹோன் என்பவர் 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராய விரும்பினார். 1787, 88இல் ஹமில்ரன், மடிசன், ஜே மூவரும் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் அவை. சிலவற்றை எழுதியது யார் என்பதில் நெடுநாள் சர்ச்சை. சொற்களைத் தேடி ஒப்பிட்டால் ஏதும் தெரியவரலாம். ஆனால் 'எட்' என்ற எடிட்டருக்குள் அவ்வளவு எழுத்தும் அடங்கவில்லை. அந்தக் காலத்து பிடிபி-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் 64 கிலோபைற்தான். அதனால் கென் தொம்சன் எடிட்டரின் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, முழுப் பைலையும் நினைவகத்தில் ஏற்றாமல் வரி வரியாக ஓட்டிப் பார்க்கிற தனி நிரலாக்கினார் என்று பிரையன் கேர்னிகன் சொல்வார். அதுதான் 1973இல் யுனிக்ஸோடு வெளிவந்த 'கிரெப்'. (அங்கேயும் கேள்வி, எழுதியது யார், எழுதினது எது என்பதுதான். கிணறு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

கிரெப்பின் உலகத்தில் பைல் என்றால் வெறும் எழுத்து. அலுவலக மென்பொருள்கள் வந்தபிறகு அது மாறியது. பழைய 'டொக்' பைல் ஒன்றுக்குள் எழுத்துகள், எழுத்துரு விபரங்கள், படங்கள், எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்று சொல்லும் அட்டவணைகள் எல்லாம் இருக்கும். ஒரு சின்ன பைல் ஒழுங்கையே பைலுக்குள் கட்டி வைத்தமாதிரி. அதில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் முதலில் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். அதாவது தேடுபொறி ஒவ்வொரு பைலையும் அரைவாசியாவது திறக்கிறது. அட்டவணை 'அடுத்த துண்டு அங்கே' என்று காட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், கவனமில்லாமல் எழுதப்பட்ட வாசிப்பான் அந்தப் பள்ளத்துக்குள் விழும். கூடவே அதைக் கூப்பிட்ட மென்பொருளும் விழும்.

90களில் மைக்ரோசொப்ட் ஒபிஸோடு 'பைண்ட் பாஸ்ட்' என்றொரு துணை நிரல் வந்தது. பின்னணியில் ஓடி எல்லா ஆவணத்தையும் முன்கூட்டியே வாசித்துச் சொல்லட்டவணை போட்டு வைக்கும். நல்ல யோசனை. ஆனால் அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு அது பெரிய பாரம். நாங்கள் வேலை செய்கிற நேரம் பார்த்து ஹார்ட் டிஸ்க்கை உழத் தொடங்கிவிடும். 'கொம்பியூட்டர் இழுக்குது' என்றால் ஸ்ராட்அப்பிலிருந்து பைண்ட் பாஸ்ட்டைத் தூக்கு என்பதுதான் அன்றைக்குப் பொதுவான வைத்தியம். பிறகு விண்டோஸ் விஸ்டா காலத்தில் வேறு வழி வந்தது. ஆவணத்தை அவிழ்த்து எழுத்தை எடுக்கிற வடிகட்டிகளைத் தேடுபொறிக்கு வெளியே தனிச் செயலாக ஓட விட்டார்கள். பழுதான பைலில் வடிகட்டி விழுந்தால் அது மட்டும் விழும். மிச்சம் தொடர்ந்து ஓடும். விழாமல் பண்ண முடியாது, விழுந்தால் மற்றதை இழுக்காமல் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டதுதான் இதில் எங்களுக்குப் பிடித்த விசயம்.

நிலையத்தின் இயந்திரமோ அதற்கு முந்திய தலைமுறை. அதனால் பழைய முறைக்கே போனோம். எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுத்தோம். (இதை மட்டும் ஒருவரும் மறக்க வேண்டாம், மூலத்தில் கை வைக்கவே கூடாது.) பிரதியை இரண்டு போல்டராகப் பிரித்துத் தனித்தனியே தேடவிட்டோம். எந்தப் பாதியில் விழுகிறதோ அதைத் திரும்பப் பாதியாக்கினோம். 412 பைல் என்றாலும் ஒன்பது தடவைக்குள் ஒன்றில் வந்து நிற்கும். நின்றது. 2004 ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை ஒன்று. பிளொப்பியிலிருந்து பிரதி எடுக்கும்போது பின்பகுதி பழுதாகியிருந்தது. மென்பொருளைத் திட்டி ஒரு பின்னேரத்தையே வீணாக்கியிருந்தோம்.

அதை விலக்கிவிட்டுத் தேடினோம். விழவில்லை. முடிவு: ஒன்றும் இல்லை. 411 பைலில் ஒரு தடவைகூட 'கிணறு' இல்லையாம்.

உண்மையில் இதுதான் பெரிய ஆபத்து. மென்பொருள் விழுந்தால் பிழை என்று தெரியும். 'இல்லை' என்று அமைதியாகச் சொன்னால் நம்பி எழும்பிப் போய்விடுவோம். அந்த அம்மாவிடமும் போய் 'ஒண்டும் இல்லை' என்று சொல்லியிருப்போம்.

பைல்கள் எல்லாம் பாமினியில் இருந்தன. யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. விண்டோஸுக்குள் தமிழ் வந்தது விண்டோஸ் 2000இல். ஆனால் எங்கட அச்சகங்களிலும் கந்தோர்களிலும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் பாமினிதான். பாமினியில் தமிழ் என்பது ஒரு வேசம். திரையில் 'தமிழ்' என்று தெரிவது பைலுக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். 'கிணறு' என்றால் எஃப், பி, இசெட், பெரிய டபிள்யூ. யூனிகோட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதில் இன்னும் இரண்டு சிக்கல். சின்ன டபிள்யூ 'ற', பெரிய டபிள்யூ 'று'. பெரிய, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்காத தேடல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மற்றது, மெய்யெழுத்துப் புள்ளிக்குச் செமிகோலன். சொல்லட்டவணை போடுகிற தேடுபொறிகளுக்குச் செமிகோலன் வந்தால் சொல் முடிந்தது என்று அர்த்தம். 'கிணற்று' நடுவில் உடைந்து இரண்டு குப்பைத் துண்டாகிவிடும்.

கடைசியில் பிரதிகளை எங்கட மடிக்கணினிக்கு மாற்றி 1973ஆம் ஆண்டுக் கருவியிடமே போனோம். கிரெப் ஆவணத்தைத் திறப்பதில்லை. கட்டை அவிழ்ப்பதும் இல்லை, மேலே கிடக்கிற எழுத்தைத் தடவிப் பார்க்கும். அதனால் பழுதான பைலும் அதற்கு ஒன்றுதான். 412ஐயும் கொடுத்தோம். மூன்று பைல் வந்தது. இரண்டில் கிணறு இறைத்த கூலிக் கணக்கு. மூன்றாவது, நாங்கள் விலக்கி வைத்த அதே 2004 கூட்டறிக்கை.

நோட்பாட்டில் திறந்து, பாமினி எழுத்துருவைப் போட்டோம். குப்பைகளுக்கு நடுவில் தமிழ் தெரிந்தது. இங்கே பாமினிக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தாகச் சேமிக்கப்பட்டதால்தான் அப்படியே கிடந்தது. இந்தக் காலத்து சுருக்கி மூட்டை கட்டிய 'டொக்எக்ஸ்' பைல் பழுதாகியிருந்தால் நோட்பாட்டில் ஒரு சொல்லும் தெரிந்திராது.

ஓரிடத்தில் ஒரு வசனம்: கிணற்றுப் பங்கு காணி தந்தவரின் குடும்பத்துக்குத் தொடர்ந்து உண்டு எனச் சபை ஏற்றுக்கொண்டது. நாங்கள் கத்தியேவிட்டோம். கீழே, பைலின் அடியில் இன்னொன்று: கிணற்றுப் பங்கு விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பழைய வேர்ட்டில் 'விரைவுச் சேமிப்பு' என்றொரு வசதி இருந்தது. பைலை முழுதாகத் திருப்பி எழுதாமல் மாற்றங்களை மட்டும் அடியில் ஒட்டிவிடும். அழித்த வசனமும் உள்ளேயே கிடக்கும், திரையில் மட்டும் தெரியாது. எது இருந்தது, எது அழிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டிய அட்டவணை அந்தப் பழுதான பகுதிக்குள் போய்விட்டது. அடியில் கிடப்பது பிந்தி எழுதியதாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த மாதக் கூட்டறிக்கையைப் பார்த்தோம். சென்ற கூட்டறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி. கிணற்றைப் பற்றி ஒன்றுமில்லை.

பழைய செயலாளர் இப்போது கனடாவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதைத்தோம். இரண்டு வசனத்தையும் வாசித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டும் நான் ரைப் பண்ணினதுதான் தம்பி. அண்டைக்குக் கூட்டத்தில சரியான சண்டை. முதல் எழுதினதை மாத்தச் சொன்னவை. எதை மாத்தச் சொன்னவை எண்டுதான் ஞாபகம் வருதில்லை" என்றார்.

இரண்டு வசனத்தையும் ஒரே தாளில், எந்த இடத்தில் கிடந்தது என்ற குறிப்போடு அச்செடுத்தோம். ஒரு பிரதி நிர்வாகசபைக்கு, ஒன்று அந்த அம்மாவுக்கு. அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. "மேல கிடக்கிறதுதான் சரி" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து உள்ளே கொண்டுபோனா.