25 வருடம் காத்த அமானிதம்

வரலாற்றுப் பாடத்தில் 'மூலாதாரம்' என்றால் நாம் உடனே கல்வெட்டையும் நாணயத்தையும்தான் உதாரணம் காட்டுகிறோம். பிள்ளைகளும் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுத்து விடுகிறார்கள். ஒரு மூலாதாரத்தைக் கையில் எடுக்க ஒருவர் என்ன பாடுபட வேண்டும் என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் இந்திய ஊடகவியலாளர் சித்ரா சுப்ரமணியத்தைப் பற்றி இன்று எழுதுகிறோம்.

1986 மார்ச்சில் இந்திய அரசு சுவீடனின் போபர்ஸ் கம்பனியிடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. பெறுமதி சுமார் 1,437 கோடி இந்திய ரூபாய். இடையில் தரகர் எவரும் இருக்கக் கூடாது என்பது பிரதமர் ராஜீவ் காந்தி அரசின் நிபந்தனை. 1987 ஏப்ரல் 16இல், இந்த வியாபாரத்துக்காக இலஞ்சம் கொடுக்கப்பட்டதாக சுவீடன் வானொலி அறிவித்தது. இந்திய அரசு மறுத்தது.

வானொலி சொன்னது குற்றச்சாட்டு. அதை நிரூபிக்கக் கடதாசி வேண்டும்.

சித்ரா அப்போது ஜெனீவாவில் இருந்து 'தி இந்து' பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்த காலம். இன்றுபோல இணையமும் கைத்தொலைபேசியும் இல்லை. சுவீடனில் விசாரணையோடு சம்பந்தப்பட்ட ஒருவரின் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றார். அவரிடமிருந்து 350க்கு மேற்பட்ட ஆவணங்கள் கிடைத்தன. வங்கிக்கு அனுப்பிய கட்டளைகள், கையெழுத்துக் குறிப்புகள், போபர்ஸ் தலைவர் மார்ட்டின் ஆர்ட்போவின் நாட்குறிப்பு எல்லாம் அவற்றில் இருந்தன.

1988 ஜூனில் சித்ராவும் என். ராமும் சேர்ந்து அந்த ஆவணங்களை 'தி இந்து'வில் வெளியிடத் தொடங்கினார்கள். தரகுப் பணம் எந்தக் கம்பனிகளின் பெயரில் சுவிஸ் வங்கிகளுக்குப் போனது என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். 1989 ஒக்டோபரில் அந்தப் பத்திரிகை தொடரை நிறுத்தியது. சித்ரா ஓயவில்லை, ஆவணங்களோடு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்குப் போனார். அடுத்த மாதத் தேர்தலில், 1984இல் 400க்கு மேல் ஆசனம் வென்றிருந்த காங்கிரஸ் 197 ஆசனங்களோடு ஆட்சியை இழந்தது.

ஆவணம் தந்தவர் யார்? ஏறத்தாழ 25 வருடம் சித்ரா வாய் திறக்கவில்லை. 2012 ஏப்ரலில் அந்த மனிதரே தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். அவர் சுவீடனின் முன்னாள் பொலிஸ் அதிகாரி ஸ்டென் லின்ட்ஸ்ட்ரோம். ராஜீவ் காந்தி இலஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் நடந்ததை மூடி மறைத்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று லின்ட்ஸ்ட்ரோம் சொன்னார். நடிகர் அமிதாப் பச்சனுக்கு இதில் சம்பந்தமே இல்லை, அவரது பெயரை இந்திய விசாரணையாளர்கள்தான் புகுத்தினார்கள் என்றும் சொன்னார். ஒரு மனிதர் எத்தனை வருடம் வீண்பழி சுமந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

வழக்கு என்ன ஆனது? 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம், மறைந்த ராஜீவ் காந்தி மீதான இலஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இத்தாலிய வர்த்தகர் குவாத்ரோச்சி 1993இல் இந்தியாவை விட்டுப் போனார். தண்டனை எதுவும் பெறாமலே 2013இல் இறந்தார்.

அப்படியானால் சித்ராவின் உழைப்பு வீணா? இல்லை என்றே நாம் நினைக்கிறோம். அந்தப் பீரங்கிகள் 1999 கார்கில் போரில் நன்றாகவே வேலை செய்தன. அதற்காகத் தரகுப் பணம் இல்லை என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல இன்று கடதாசி இருக்கிறது. 2025இல் அவர் இந்தக் கதையை நூலாகவும் எழுதினார்.

ஆதாரம் கிடைக்கும்வரை பொறுத்தார். ஆதாரம் சொன்னதற்கு மேல் போகவில்லை. நம்பித் தந்தவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாமோ வட்ஸ்அப்பில் வந்த ஒருவரின் பெயரையும் படத்தையும் 25 செக்கன்கூடப் பொறுக்காமல் பகிர்ந்து விடுகிறோம். நாம் மாறாமல் பிள்ளைகளுக்கு 'மூலாதாரம்' கற்பித்து என்ன பிரயோசனம்?