ஊர்

மக்கள் நிலைத்து வாழும் இடத்தைக் குறிக்கும் திராவிடச் சொல். தமிழிலும் மலையாளத்திலும் ஊர். கன்னடத்திலும் தெலுங்கிலும் துளுவிலும் ஊரு. பெங்களூரு, குண்டூர், கண்ணூர் ஆகிய பெயர்கள் இதில் முடிபவை. செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டாங்குளத்தூரில் குளம் அத்துச் சாரியை பெற்று ஊரோடு சேர்கிறது. பேச்சில் அது கொளத்தூர் ஆகிவிடும். ஊராட்சி ஒன்றியத்தின் பெயரையும் காட்டாங்கொளத்தூர் என்றே எழுதுகிறார்கள்.

சங்க இலக்கியத்தில் மருதத் தலைவன் ஊரன் எனப்படுகிறான்; நெல்லும் நீரும் உள்ள நிலத்தோடு சொல் ஒட்டியிருந்ததற்கு அது சான்று. சோழர் காலத்தில் ஊர் என்பது அவைக்கும் பெயர். பிராமணர்களுக்குக் கொடையளித்த பிரமதேயத்தில் சபை, வணிகரிடையே நகரம், வேளாண் குடியிருப்பில் ஊர். காணி உடையவர்களே அந்த அவையில் இருந்தார்கள். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் பதிவாகியிருக்கின்றன. ஊர் என்றால் எல்லோரும் என்று எப்போதும் பொருள்பட்டதில்லை. கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு ‘ஊரு கேரி’. தமிழில் அது ‘ஊரும் சேரியும்’ ஆனது. கேரளத்திலோ இன்று ஊரு என்றால் பெரும்பாலும் பழங்குடிக் குடியிருப்பு. அங்கே கூடும் அவைக்கு ஊருகூட்டம் என்று பெயர்.

கேரியும் சேரியும் ஒரே சொல்தான். கன்னடத்தின் கிவி தமிழில் செவி. ககரம் சகரமாகும் இந்த மாற்றம் பல சொற்களில் ஒழுங்காக வருகிறது. மொழியுறவுக்குச் சான்று இத்தகைய ஒழுங்கே. ஓரசைச் சொற்கள் ஒத்து ஒலிப்பது எளிது, அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. சுமேரியத்தில் உரு என்றால் நகரம், பாஸ்க் மொழியில் உரி என்றாலும் நகரம். ஆனால் அதே பாஸ்க்கில் உர் என்றால் தண்ணீர். அங்கேரிய மொழியில் ஊர் என்பது பிரபு, டேனிஷில் கடிகாரம், ஜெர்மனில் ‘ஆதி’ எனப் பொருள்படும் முன்னொட்டு. லியோனார்ட் வுல்லி 1922 முதல் 1934 வரை அகழ்ந்த ஈராக்கின் ஊர் நகரைத் தமிழோடு முடிச்சுப் போடுவோர் இருக்கிறார்கள். அந்நகரின் சுமேரியப் பெயர் உரிம். கோலாலம்பூரும் நம் காதுக்கு ஊர்தான். மலாயில் லும்பூர் என்றால் சேறு.

சென்னைப் புறநகரில் சொல் இன்னொரு பக்கம் நகர்ந்திருக்கிறது. பொத்தேரியிலோ கூடுவாஞ்சேரியிலோ சொந்த வீடு கட்டி, வரி செலுத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவரிடம் “எந்த ஊரு?” என்றால் திருநெல்வேலி என்பார், விழுப்புரம் என்பார். 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் பொங்கலுக்கு முன் நிற்கும் கூட்டம், “ஊருக்குப் போறோம்” என்றுதான் சொல்கிறது.