குதிரையும் மூட்டை முடிச்சும்

புனேயில் ஏதாவது வேலை படுமோசமாகச் சொதப்பினால் மராத்தி நண்பர்கள் "பானிபத் ஜாலே" என்பார்கள். பானிபத் ஆகிவிட்டதாம்! 1761-ல் வாங்கிய அடி இன்னும் பேச்சில் இருக்கிறது.

அந்த அடியைப் புரிந்துகொள்ள முதலில் மங்கோலியர் பக்கம் போவோம். செங்கிஸ்கான் படையில் எல்லாம் பத்துப் பத்தாகத்தான். பத்துப் பேருக்கு ஒரு தலைவன், அப்புறம் நூறு, ஆயிரம், பத்தாயிரம். ஆளுக்குப் பல குதிரைகள், மாற்றி மாற்றி ஏறுவார்கள். தோற்று ஓடுவது போல ஓடி, துரத்துகிறவன் வரிசை கலைந்ததும் திரும்பி அடிப்பார்கள். 1223-ல் கால்கா ஆற்றங்கரையில் ரஷ்ய இளவரசர்கள் இப்படித்தான் மாட்டினார்கள்.

சிவாஜி இதைப் பார்த்துக் காப்பியடித்தாரா என்று கேட்காதீர்கள் :-) ஆனால் அவர் குதிரைப்படையிலும் இப்படி ஓர் அடுக்கு உண்டு. 25 பேருக்கு ஒரு ஹவல்தார், ஐந்து ஹவல்தாருக்கு ஒரு ஜும்லேதார், பத்து ஜும்லாவுக்கு ஒரு ஹஜாரி (பெயர்தான் ஆயிரம், கணக்குப் போட்டால் 1250), எல்லாருக்கும் மேலே சர்நோபத். அரசாங்கக் குதிரையில் போகிறவன் பார்கீர், சொந்தக் குதிரையோடு வருகிறவன் ஷிலேதார்.

வங்கிக்காரனான எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தசராவுக்குப் படை கிளம்பும்போது ஒவ்வொருவன் கையிலும் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுப்பார்கள். மழைக்காலத்துக்கு முன் திரும்பியதும் அதே பட்டியலை வைத்துச் சரிபார்ப்பு. கூடுதலாக இருந்தால் கஜானாவுக்கு, இல்லை சம்பளத்தில் கழிவு. நம்ம ஆடிட் தேவலாம் போங்கள்! பெண்களைப் படையோடு கூட்டிப்போகவும் தடை. இதையெல்லாம் எழுதிவைத்த கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எங்கே இருந்து எழுதினார் தெரியுமா? நம்ம செஞ்சியில், 1690களில்.

அப்போது சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்தார். முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகை போட்டிருந்தார். 1692 கடைசியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப்படையோடு வந்து, முகாமுக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். பசி தாங்காமல் 1693 ஜனவரியில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். (கோட்டை 1698-ல் விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.)

பானிபத்தில் அப்தாலி இதே வித்தையை மராத்தியர் மேலேயே காட்டினார். சதாசிவராவ் பாவ் கனமான பீரங்கிகளோடு போயிருந்தார். கூடவே பெண்கள், யாத்ரீகர்கள், கடைக்காரர்கள் என்று பெருங்கூட்டம். இத்தனையையும் வைத்துக்கொண்டு எங்கே ஓடித் திரும்பி அடிப்பது? மூட்டை முடிச்சைப் பின்னால் விட்டுவிட்டுப் பழைய முறையில் சண்டை போடலாம் என்று மல்ஹார்ராவ் ஹோல்கர் சொன்னதாகச் சொல்வார்கள். யாரும் கேட்கவில்லை. தானியம் வரும் வழி அடைபட்டு, இரண்டு மாதத்துக்கு மேல் முகாமிலேயே கிடந்து, 1761 ஜனவரி 14 அன்று வெறும் வயிற்றோடு வெளியே வந்தார்கள். இப்ராகிம் கான் கார்தியின் பீரங்கிகள் அன்று காலை என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தன.