எலி விழுந்தால் காட்டுச் சாளை

2020 மார்ச் 24. மாலை 6 மணிக்கே தமிழ்நாட்டில் 144 வந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு. விடிந்தால் மூலனூரில் பனியன் கம்பெனி வேன் சத்தமே இல்லை. "இப்படி ஒரு கூத்து உலகத்திலயே நடந்ததில்லை" என்று என் வயதுக்காரர்களே திண்ணையில் பேசிக்கொண்டார்கள்.

நடந்திருக்கிறது. நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஆனால் தலைகீழாக.

என் அம்முச்சி சொல்வாள். அவள் சின்னப் புள்ளையாக இருந்தபோது பிளேக் வந்ததாம். விட்டத்திலிருந்து எலி செத்து விழுந்தால் அன்றைக்கே வீட்டைப் பூட்டிவிட்டு, சட்டிபானையும் தவசமும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆடுமாடுகளோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். சோளத்தட்டும் பனையோலையும் வைத்துச் சாளை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே குடித்தனம். ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் கூப்பிடு தூரம் இருக்குமாம்.

கொரோனாவுக்கு வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். பிளேக்குக்கு வீட்டை விட்டு ஓட வேண்டும். காரணம் எளிது. பிளேக் கிருமியை மனிதனிடம் கொண்டுவருவது எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி. எலி செத்ததும் தெள்ளு மனிதன் மேல் தாவும். இதை பால் லூயி சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் 1898இல்தான் கண்டுபிடித்தார். அதைப் பல டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவே இன்னும் சில வருடங்கள் ஆயின. தெள்ளு சமாச்சாரம் எதுவும் அம்முச்சிக்குத் தெரியாது. எலி விழுந்தால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

சர்க்கார் செய்தது வேறு கதை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. பஞ்சாலைத் தொழிலாளிகள் உட்பட மக்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். (2020 கோடையில் திருப்பூரிலிருந்து வடக்கே நடந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.) 1897 பிப்ரவரியில் அவசரமாகத் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். மொத்தமே நாலு பிரிவுதான். நோயைத் தடுக்க அரசு எந்த விதியும் போடலாம், மீறினால் இந்திய தண்டனைச் சட்டம் 188இன்படி தண்டனை, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது.

அந்த வருடம் புனேயில் ராண்ட் என்ற அதிகாரி வெள்ளைக்காரச் சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பினார். சமையலறை, சாமி அறை என்று பாராமல் நுழைந்தார்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும் கூட இருந்தவர்களைத் தனி முகாமுக்கும் இழுத்துப் போனார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள். ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். திலகருக்குத் தம் பத்திரிகையில் எழுதியதற்காக 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மறு வருடம் பம்பாயிலும் கலவரம் ஆன பிறகுதான் சர்க்கார் பிடியைத் தளர்த்தியது.

நம் சென்னை மாகாணத்தில் ரயிலடிகளில் சோதனை இருந்தது. பிளேக் உள்ள ஊரிலிருந்து வருகிறவருக்கு ஒரு 'பாஸ்போர்ட்' கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் சில நாட்கள் தினமும் அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். இ-பாஸுக்கு அதுதான் பாட்டன்.

கோயமுத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. பெங்களூரில் மல்லேசுவரமும் பசவனகுடியும் 1898 பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்கப் போட்ட பேட்டைகள்தான்.

அம்மை வந்த வீட்டுக்கு வேறு கட்டு. வாசலில் வேப்பிலை சொருகினால் அந்நியர் உள்ளே வர மாட்டார்கள், அந்த வீட்டாரும் விசேஷம், சாவு எதற்கும் போக மாட்டார்கள். மாரியம்மனுக்கு நோன்பு சாட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பதும் நம் பக்கத்து வழக்கம். அது நோய்க்காகவே வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸ் இல்லாமல் ஒரு ஊரே கட்டுப்பட்டு நடந்தது என்பது நிஜம்.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. காடு இருந்தவன் சாளை போட்டான். காடு இல்லாதவன் யார் காட்டில் போய் நின்றான் என்று அம்முச்சியிடம் நான் கேட்கவே இல்லை. சின்ன வயதில் கேட்கத் தோன்றவில்லை. 2020இல் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராக அடைந்து கிடந்த வடநாட்டுப் பையன்களைப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. பதில் சொல்ல அவள் இல்லை.

அந்த 1897 சட்டம்தான், 123 வருடம் கழித்து, அவர்கள் மேலும் நம் மேலும் பாய்ந்தது. 2020இல் அதைத் திருத்தவும் செய்தார்கள். மருத்துவர், செவிலியரைத் தாக்கினால் கடும் தண்டனை என்று சேர்த்தார்கள். வேலையும் கூலியும் இல்லாமல் அடைந்து கிடப்பவன் என்ன சாப்பிடுவான் என்பதற்கு அந்தச் சட்டத்தில் அன்றும் ஒரு வரி இல்லை, திருத்திய பிறகும் இல்லை.

அம்முச்சி வீட்டார் சாளை போட்ட காட்டில் இப்போது முருங்கை நிற்கிறது. மூலனூர், கன்னிவாடிப் பக்கம் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பிளேக் காலத்துச் சேதி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். முக்கியமாக, காடு இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று.