பஞ்சத்தின் பேரால் ஒரு விண்ணப்பம்

மழை பொய்த்தது, மாடு மடிந்தது, மக்கள் மாண்டனர், லட்சம் லட்சமாக! 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்கு மதுரைச் சீமையும் தப்பவில்லை. மாரி என்று மழையின் பெயரையே தாங்கி வண்டியூரிலே கொலுவிருக்கிறாள் ஒரு அம்மன். மாரி மட்டும் வரவில்லை!

வந்தவர் ரிச்சர்டு டெம்பிள். 1877இல், வெள்ளை சர்க்காரின் செலவைச் சுருக்க வந்த கனவான். நிவாரண வேலையில் உடல் முறிய உழைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே சில்லறைக் காசு! உயிர் தங்க இது போதாதென்று வாதாடினார் மருத்துவர் கார்னிஷ்.

அதே 1877இல் லாக்கியர், ஹண்டர் எனும் அறிஞர் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டனர். கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொரு முறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும்போது தென்னகத்தில் மழையும் குறைகிறது என்றனர். அப்படியானால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமே! ஆராய்ச்சிக்குப் பணம் கேட்போர் கையிலே அருமையான ஆயுதம் கிடைத்துவிட்டது. வானநூலார் நாடியது தொலைநோக்கி. சர்க்கார் கேட்க விரும்பியது மழைச் செய்தி. விண்ணப்பம் எழுதும் கலை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

1882இல் சென்னை வானாய்வாளர் போக்சன், மலைமீது நிறுவ 20 அங்குலத் தொலைநோக்கி வேண்டுமென எழுதினார். 1891இல் அவர் மறைந்தார். மலைமீது கூடம் எழவில்லை. 1893இல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு கோடைக்கானலைத் தேர்ந்தது. அந்நாளில் அது மதுரை மாவட்டம். 1895இல் அடிக்கல், 1899இல் ஆய்வுக்கூடம். பசித்தவன் பேரால் கேட்டதற்குப் பதில் வர, பசித்தவன் மண்ணாகி இருபது ஆண்டு கடந்துவிட்டது!

மழை ரகசியம் கிட்டிற்றா? இல்லை. 1909இல் அங்கே எவர்ஷெட் கண்டது வேறு. கரும்புள்ளியின் ஓர நிழற்பகுதியிலே வாயு உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்ற உண்மை. உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. எந்த விண்ணப்பத்திலும் எழுதப்படாத விளைவு! கேட்டதைக் கண்டுபிடித்தாயா என்று மட்டும் பார்க்கும் கணக்கப்பிள்ளை, இதைத் தண்டச் செலவு என்றே எழுதியிருப்பான்.

அதற்காக, புள்ளிக் கதையைத் தட்டிக் கேட்காமல் விடலாமா? கேட்டார் ஒருவர். 1904இல் இந்திய வானிலைத் துறைத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர். (1913இல், தேர்வில் தவறிய ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் உதவ வேண்டுமெனப் பரிந்து எழுதியவரும் இவரே, கிடைத்தது மாதம் 75 ரூபாய்.) பல நாட்டு மழை, காற்றழுத்தக் குறிப்புகளை அடுக்கி ஒப்பிட்டார். புள்ளிக்கும் பருவமழைக்கும் சொல்லப்பட்ட உறவு வலுவற்றது எனக் கண்டார். தேடிய வழியிலே, பசிபிக், இந்துமாக்கடல்களின் காற்றழுத்தம் ஏற்றப்பலகைபோல் மாறி மாறி உயர்ந்து தாழ்வதைக் கண்டு, 1920களில் அதற்குத் தெற்கத்திய அலைவு எனப் பெயரிட்டார். தாது வருடத்தில் மழையை மறித்தது பசிபிக் கடல் வெப்பம் மிகுந்த எல் நினோ என்பதை, அந்த அலைவைத் தொடர்ந்து சென்ற பிற்கால ஆராய்ச்சி காட்டியது. மழை பொய்த்த காரணம் அது. ஒரு பவுண்டு தானியத்துக்குக் காரணம் கடலில் இல்லை.