நீச்சல் கருவிகள்: பாசனக் கிணறு முதல் நீச்சல்குளம் வரை

பாளையம்பட்டி, விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இங்கு இல்லை. திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும். கண்மாய்களும் கோடைக்கு முன்பே வற்றிவிடும். ஆகவே இவ்வட்டாரத்தில் நீச்சல் பெரும்பாலும் பாசனக் கிணறுகளிலேயே கற்கப்பட்டது. கிணற்று நீச்சலுக்கு உரிய கருவிகள் வேறு, நீச்சல்குளத்துக்கு உரிய கருவிகள் வேறு. கிணறு ஆழமானது, குறுகலானது. அங்கே திறமை ஆழத்தால் அளக்கப்பட்டது. குளம் ஆழம் குறைந்தது, நீளமானது. அங்கே திறமை தூரத்தாலும் நேரத்தாலும் அளக்கப்படுகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் நீச்சல் கருவிகளில் ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது வகை நீருக்காக உருவானவை. எதை வாங்குவது என்ற கேள்விக்கு இந்த வரலாறே பாதி விடை தந்துவிடும்.

புணையும் சுரைக்குடுக்கையும்

தமிழில் நீச்சல் கருவிக்கான மிகப் பழைய சொல் புணை. சங்கப் பாடல்களில் ஆற்றில் விளையாடும் பெண்கள் புணையைப் பற்றிக்கொண்டு நீந்துகின்றனர். நாணல் போன்ற எடை குறைந்த தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. புறநானூற்றின் 243-ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற முதிய புலவர் தம் இளமையை நினைத்துப் பார்க்கிறார். கரையோர மருதமரக் கிளையில் ஏறி மடுவில் குதித்து, அடியில் இருந்து மணலை அள்ளி வந்து காட்டிய விளையாட்டைச் சொல்கிறார். பாசனக் கிணறுகளில் சிறுவர்கள் முங்கி அடிமண்ணை எடுத்து வந்து காட்டும் பந்தயமும் இதுவேதான்.

கிணற்றில் நீந்தக் கற்பவருக்கு வழக்கமான கருவி சுரைக்குடுக்கை. சுரைப்புருடை என்றும் சொல்வர். முற்றிய சுரைக்காயைக் காயவைத்தால் உள்ளே காற்று அடைபட்ட ஓடு கிடைக்கும். அதைக் கயிற்றால் முதுகில் கட்டிவிடுவார்கள். முதுகில் கட்டுவதற்குக் காரணம் உண்டு. மிதவை முதுகில் இருந்தால் உடல் குப்புறக் கிடைமட்டமாக நிற்கும்; கையும் காலும் தடையின்றி அசையும். இன்று குழந்தைகளின் மேற்கையில் மாட்டும் காற்றுப் பைகள் உடலைச் செங்குத்தாக நிறுத்திவிடுகின்றன. அப்படி நின்று பழகிய குழந்தை பிறகு படுத்து நீந்தத் திணறுகிறது. அந்த வகையில் சுரைக்குடுக்கை மேலான கருவி என்றே சொல்ல வேண்டும்.

குடுக்கை மட்டும் போதாது. இடுப்பில் ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனையை அண்ணனோ சித்தப்பாவோ மாமாவோ படியில் நின்று பிடித்திருப்பார். கயிற்றைத் தளர்த்துவதும் இழுப்பதும்தான் பாடம். கோவணமோ அரைக்கால் சட்டையோ உடை. வாழை மரத்துண்டு, தகர டின் என்று கைக்குக் கிடைத்ததும் மிதவையானது. பிறகு பிளாஸ்டிக் கேனும் லாரி டியூபும் அந்த இடத்துக்கு வந்தன. திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷிக்கும் சிறுவயதில் நீச்சலில் ஈடுபாடு இருந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன.

கிணறுகள் வற்றியது

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இக்கிணறுகளில் கமலையால் நீர் இறைக்கப்பட்டது. மாடுகள் இறைக்கும் அளவுக்கு வரம்பு இருந்ததால் கிணற்றில் எப்போதும் ஓரளவு நீர் நின்றது. கிராமங்களுக்கு மின்சாரம் வந்தபின் பம்ப்செட்டுகள் பெருகின. தொடக்கத்தில் அவை நீச்சலுக்கு உதவின என்றும் சொல்லலாம். மோட்டார் அறையின் கூரை சிறுவர்களுக்குக் குதிக்கும் மேடையானது. ஆனால் நீர்மட்டம் இறங்கியது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஆறு அங்குலக் குழாயில் யாரும் நீந்த முடியாது. திறந்த கிணறுகள் பல கைவிடப்பட்டன, சில மூடப்பட்டன.

நீர் இல்லாததால் அடுத்த தலைமுறை நீச்சல் கற்கவில்லை. ஆனால் நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் கைவிடப்பட்ட கிணறுகளும் கல்குவாரிப் பள்ளங்களும் கண்மாய்களும் நிரம்பவே செய்கின்றன. நீந்தத் தெரியாதவர்களின் ஊரில் திடீரென்று ஆழமான நீர் வந்து நிற்கிறது. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்பிப்பதும் நீர்நிலைகளுக்குத் தடுப்பு அமைப்பதும் அடங்கும். ஐக்கிய நாடுகள் அவை 2021-இல் ஜூலை 25-ஐ இதற்கான நாளாக அறிவித்தது.

குளமும் தடமும்

நீந்தும் தூரத்தை எண்ணுவது உலக அளவிலும் புதிய பழக்கம்தான். 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகள் கடலில் நடந்தன. 1924-இல் பாரிஸில்தான் 50 மீட்டர் குளமும் தடம் பிரித்த கயிறுகளும் ஒலிம்பிக்குக்கு வந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்று திரும்புவது, அதை எண்ணுவது, நேரம் பார்ப்பது ஆகிய மூன்றும் அத்தகைய குளத்தில் சேர்ந்து பிறந்தவை. தமிழ்நாட்டில் சென்னை மெரினா நீச்சல்குளம் 1947-இல் கட்டப்பட்டது. 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகம் அமைந்தது. பாளையம்பட்டியில் இருந்து போகக்கூடிய தொலைவில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் குளம் உள்ளது.

நீச்சல் கண்ணாடி

குளத்து நீச்சலுக்கு முதலில் வாங்க வேண்டியது கண்ணாடிதான். கிணற்று நீரில் குளோரின் இல்லை. குளத்தில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது நீந்துவோரின் வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு வினைபுரிந்து குளோரமின் என்ற பொருளாகிறது. கண் சிவந்து எரிவதற்கு முக்கியக் காரணம் இந்தக் குளோரமினே.

கண்ணாடி குளத்துக்கு முன்பே கடலில் பயன்பட்டது. 1911-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த தாமஸ் பர்கெஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் கண்ணாடியை அணிந்தார். அதில் நீர் கசிந்தது. 1926 ஆகஸ்ட் 6-இல் அதே கால்வாயைக் கடந்த முதல் பெண்ணான கெர்ட்ரூட் எடர்லி, தம் கண்ணாடியின் விளிம்புகளை மெழுகால் அடைத்துக்கொண்டார். அதுவரை கடந்த ஆண்கள் அனைவரையும் விட அவர் விரைவாகக் கரையேறினார். குளத்துப் போட்டிகளில் கண்ணாடி வெகுகாலம் கழித்தே பரவியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் கண்ணாடி அணியவில்லை. 1976 முதல் அது வழக்கமானது. இதன் விளைவு போட்டியை விடப் பயிற்சியில்தான் பெரிது. கண் எரிச்சலால் முன்பு நீண்ட நேரம் நீந்த முடியாதிருந்தவர்கள் நாள்தோறும் பல கிலோமீட்டர் நீந்த முடிந்தது.

கண்ணாடியைத் தேர்வு செய்ய விலையோ பெயரோ அளவுகோல் அல்ல. பட்டையை மாட்டாமல் கண்குழியில் வைத்து மெல்ல அழுத்தினால் சில நொடிகள் ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாதது அந்த முகத்துக்கு உரியதன்று. பட்டையை இறுக்கிக் கசிவை நிறுத்த முயன்றால் கண்ணைச் சுற்றித் தடம்தான் மிஞ்சும். திறந்தவெளிக் குளத்தில் தென்மாவட்ட வெயிலுக்கு நிறமேற்றிய கண்ணாடியும், கூரையுள்ள குளத்தில் நிறமற்றதும் பொருந்தும். உட்புறத்தில் விரல் படக்கூடாது. பனிமூட்டம் தடுக்கும் பூச்சு அழிந்துவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பவர் கண்ணாடியாகவே கிடைக்கிறது.

இதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிணற்றின் அடிமண்ணை எடுக்க முங்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரு மடங்காகும். நீச்சல் கண்ணாடி மூக்கை மூடுவதில்லை என்பதால் உள்ளே காற்றை ஊதி அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லை. சில மீட்டர் ஆழத்திலேயே கண் வலிக்கும். நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெடிக்கவும் கூடும்.

உடையும் தொப்பியும்

பொதுக் குளங்களில் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை. நெசவுக்குப் பெயர் பெற்ற அருப்புக்கோட்டைப் பகுதியில் இருந்து செல்பவர்களுக்கு இது சற்று வியப்பளிக்கலாம். பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கும். அதன் நூலிழைகள் குளத்தின் வடிகட்டியை அடைக்கும். நைலானும் லைக்ராவும் உடலோடு ஒட்டினாலும் குளோரினில் விரைவில் தளர்ந்துபோகும். நாள்தோறும் நீந்துபவருக்குப் பாலியஸ்டர் உடையே நீடித்து உழைக்கும். முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ மூடும் உடைகள் இப்போது எளிதாகக் கிடைப்பது, குளத்துக்கு வரத் தயங்கிய பெண்களுக்கு உதவியாக இருக்கிறது. 2008-இல் புகழ்பெற்று, 2010 முதல் போட்டிகளில் தடைசெய்யப்பட்ட வேக உடைகளின் கதை தனி. நாள்தோறும் உடற்பயிற்சிக்காக நீந்துபவருக்கு அது தேவையில்லை.

தொப்பி தலைமுடியை நனையாமல் காக்காது. முடி குளத்தில் உதிராமலும் கண்ணில் விழாமலும் தடுப்பதே அதன் வேலை. லேடெக்ஸ் மலிவானது, எளிதில் கிழியும். சிலிக்கோன் நீடிக்கும்.

பயிற்சிக் கருவிகள்

கையில் மாட்டும் துடுப்புத் தட்டைகள் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுப் பழமை உடையவை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது ஓவியரின் வண்ணத்தட்டு வடிவில் இரண்டு மரத்தட்டைகள் செய்து, கட்டைவிரலை நுழைக்கத் துளையிட்டு நீந்தினார். வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு களைத்தது என்று பிற்காலக் கடிதம் ஒன்றில் எழுதினார். இன்றைய பிளாஸ்டிக் தட்டைகளுக்கும் அந்தக் குறை பொருந்தும். பெரிய தட்டையைத் தொடக்கத்திலேயே மாட்டினால் தோள்பட்டைதான் முதலில் கெடும்.

கையால் பிடித்துக் காலை மட்டும் அடிக்க உதவுவது கிக்போர்டு. தொடைகளுக்கு இடையே வைத்துக் கையை மட்டும் வீசி நீந்த உதவும் நுரைக்கட்டை புல்பாய். புல்பாய் சுரைக்குடுக்கையின் உறவு என்றாலும், வேலை நேர்மாறானது. குடுக்கை நீந்தத் தெரியாதவரைத் தாங்குகிறது. புல்பாய் நீந்தத் தெரிந்தவரின் பிழையைக் காட்டுகிறது. அதோடு மட்டும் எளிதாக நீந்த முடிந்தால், வழக்கமாகக் கால் தாழ்ந்து உடலை இழுக்கிறது என்று அறியலாம். இவற்றைப் பல குளங்கள் இரவல் தருகின்றன. ஆகவே வாங்க அவசரமில்லை.

எண்ணும் கருவிகள்

1960-களின் இறுதியில் நீச்சல் போட்டிகளில் சுவரில் பதித்த தொடுபலகைகள் வந்தன. நீந்துபவரின் கை பட்டதும் கடிகாரம் நின்றது. தனிநபர் கையில் கட்டும் நீச்சல் கடிகாரங்கள் 2010-களில் பரவின. 2016-இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 2 போன்றவற்றால் பொதுவான கடிகாரங்களிலும் இவ்வசதி சேர்ந்தது. 2019 முதல் கண்ணாடியின் உள்ளேயே நேரத்தைக் காட்டும் வகையும் விற்பனையில் உள்ளது.

ஜிபிஎஸ் அலை நீருக்குள் செல்லாது. குளத்தில் கடிகாரம் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. குளத்தின் நீளத்தை நீந்துபவர் முன்கூட்டியே பதிய வேண்டும். கையசைவையும் சுவரை உதைத்துத் திரும்புவதையும் உணர்ந்து கடிகாரம் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. 25 மீட்டர் குளத்தில் 50 என்று பதிந்துவிட்டால் ஒரு கிலோமீட்டர் இரண்டாகிவிடும். நடுவில் நின்று கண்ணாடியைச் சரிசெய்தால் ஒரு நீளம் கூடலாம். மணிக்கட்டில் ஒளியால் நாடித்துடிப்பைப் பார்க்கும் முறை நீரில் அவ்வளவு நம்பகமானதன்று. பெட்டியில் 50 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது நிலையான நீரழுத்தத்தைச் சோதித்த அளவு. அந்த ஆழம் வரை முங்கலாம் என்று பொருளல்ல. பல கடிகாரங்கள் சுமார் 15 மீட்டருக்குக் குறைவான நீளத்தை ஏற்பதும் இல்லை. 30 அடிப் பாசனக் கிணறு சுமார் 9 மீட்டர்தான். அதில் எத்தனை முறை குறுக்கே நீந்தினாலும் அவற்றில் சரியான கணக்கு ஏறாது.

கருவி எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும் என்பதற்குக் கடல் நீச்சலே சான்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் இருந்து கோடியக்கரைக்கு 1954-இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியின் காலத்தில் மேற்சொன்ன கருவிகளில் பல இல்லவே இல்லை. 1994-இல் பன்னிரண்டு வயதில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிஹிர் சென் ஓராண்டில் ஐந்தைக் கடந்த சாதனையை முறியடித்தவர் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன். ஆங்கிலக் கால்வாய் நீச்சலின் மரபான விதிகள் சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, உடலில் பூசும் மசகு ஆகியவற்றையே அனுமதிக்கின்றன.

இன்றைய நிலை

கோடை விடுமுறையில் நகரக் குளங்களில் நடக்கும் பயிற்சி வகுப்புகளுக்குப் பாளையம்பட்டி போன்ற ஊர்களின் பிள்ளைகளும் செல்கின்றனர். கண்ணாடியும் உடையும் தொப்பியும் அங்கே போதும். கடிகாரம் ஒரு நேரத்தில் ஐந்நூறு மீட்டராவது நிற்காமல் நீந்துபவருக்கே பயன்படும். ஆனால் குளத்தில் நான்கு அடி நீரில் கற்றவருக்குக் கிணறு பழகிய இடமன்று. அங்கே நிற்கத் தரையோ பிடிக்கத் தடக்கயிறோ இல்லை. படிகள் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அவையும் பாசி பிடித்திருக்கும். மழைக்குப் பின் கிணற்றில் இறங்குபவர்களிடம் இப்போது பெரும்பாலும் காலி பிளாஸ்டிக் கேனே இருக்கிறது. மூடி கழன்றால் அதில் நீர் நிரம்பிவிடும். கை நழுவினால் தனியே மிதந்து போய்விடும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துப் படியில் நிற்கும், நீந்தத் தெரிந்த பெரியவர்தான் இன்று பல கிணறுகளில் இல்லை.